கலக்காத கிடாரம்

பிள்ளையாருக்குப் படைத்த கோப்பையில்தான் கஞ்சாச் சத்து எல்லாவற்றிலும் கூடுதலாக இருந்தது. இதைச் சொன்னால் கேட்பவர்கள் என்னை ஒருவிதமாகப் பார்ப்பார்கள். வேலையை விட்ட பிறகு மனுசிக்கு மூளை கழன்றுவிட்டது என்று முகத்துக்கு நேரேயே சிரித்தவர்களும் உண்டு. சுவிஸில் சோலோதுர்னுக்குப் பக்கத்தில் நான் வேலை செய்த ஆய்வுகூடத்தில், புதியவர்களுக்குப் பயிற்சி கொடுக்கும்போது அதைக் காட்டும் வரைபடத்தை இன்றைக்கும் காட்டுகிறார்களாம். அதன் தலைப்பு ‘ஹெர் பிள்ளையார்’. அதாவது, திருவாளர் பிள்ளையார்.

போன மாதம் நிலானி தொலைபேசியில் அழைத்தாள். இங்கேயே பிறந்து வளர்ந்த பிள்ளை. நான் விட்டுவந்த மேசையில் இப்போது அவள்தான் நிற்கிறாள். கஞ்சா சேர்த்த தேநீர், சோடா, பியர் என்று வகைவகையாக வரத் தொடங்கியதில் அவளுக்கு மூச்சுவிட நேரமில்லை.

“ஆன்ட்டி, இந்த ஹெர் பிள்ளையார் ஆர்? எங்கட பிள்ளையாரோ?”

“ஓம், எங்கட பிள்ளையார்தான்.”

“அவர் ஏன் லாபுக்கு வந்தவர்?”

அது தொலைபேசியில் சொல்லி முடிகிற கதை இல்லை, எழுதித் தருகிறேன் என்றேன். எழுதுகிறேன்.

என்னுடைய படிப்பைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. யாழ்ப்பாணத்தில் உயர்தரத்தில் இரசாயனம் எடுத்தேன். அகதியாக இங்கே வந்து, அதே ஆய்வுகூடத்தில் கண்ணாடிக் குடுவை கழுவினேன். கழுவுகிறவள் குடுவைக்குள் என்ன இருந்தது என்று ஓயாமல் கேட்டால், ஒன்றில் வேலையால் நிற்பாட்டுவார்கள், இல்லாவிட்டால் படிக்க அனுப்புவார்கள். என்னை அனுப்பினார்கள். அதன் பிறகு நெடுங்காலம் பால், தேன், வைன் என்று அளந்தேன். பால் பாலாகவே இருந்தது. பிறகுதான் இந்தக் கஞ்சாப் பானங்கள் வந்து சேர்ந்தன.

கஞ்சாச் செடியில் இரண்டு சத்துகளை நாங்கள் முக்கியமாகப் பார்ப்போம். டிஎச்சி என்பது ஆளை மயக்குவது. சிபிடி என்பது அப்படி மயக்காது, அதிகம் போனால் நித்திரையைக் கொண்டுவரும். டிஎச்சி மிகச் சிறிய அளவுக்குள் இருக்கவேண்டும் என்பது சட்டம். போத்தலில் எழுதியிருப்பது போத்தலுக்குள் இருக்கிறதா என்று பார்ப்பது எங்கள் வேலை.

கேட்கச் சுகமாக இருக்கும், செய்ய இராது. ஏனென்றால் இந்தச் சத்துகள் எண்ணெயின் சாதி. தண்ணீரோடு சேரவே மாட்டா. உற்பத்தி செய்கிறவன் அவற்றைக் கண்ணுக்குத் தெரியாத துளிகளாக உடைத்து, பாலில் கொழுப்பு நிற்பதுபோலப் பானத்துக்குள் நிற்கவைக்கிறான். கொஞ்சம் மனம் கோணினாலும் அவை மேலே வந்துவிடும், அல்லது தகரப் பேணியின் உட்பூச்சில் போய் ஒட்டிக்கொள்ளும். பிறகு பேணியை வெட்டி, உட்சுவரை மெதனோல் என்ற கரைப்பான் விட்டுக் கழுவி, ஒட்டியதையும் கணக்கில் சேர்க்கவேண்டும். சோடாவானால் முதலில் வாயுவை வெளியேற்றவேண்டும். போத்தலைக் குலுக்கக்கூடாது, தலைகீழாக மெதுவாகப் புரட்டிப் புரட்டி எடுக்கவேண்டும், அதுவும் நுரை எழும்பாமல். பிறகு எடை நிறுத்து, மெதனோலோடு கலந்து, சுழற்றித் தெளியவைத்து, வடித்து, சின்னக் குப்பியில் விட்டு இயந்திரத்துக்குக் கொடுத்தால், அது ஒவ்வொரு சத்தையும் தனித்தனி மலையாக வரைந்து காட்டும்.

இதை எனக்குப் பழக்கியவர் எங்கள் தலைவி டொக்டர் வெபர். ஒல்லியான மனுசி. எந்தப் போத்தல் வந்தாலும் முதலில் அதன் லேபிளை எழுந்து நின்று உரத்து வாசிப்பார், நாங்களும் கையைக் கட்டிக்கொண்டு கேட்கவேண்டும். அவர் வாயில் ‘இல்லை’ என்ற சொல் வராது. ஒரு பொருளைக் காணவில்லையென்றால் ‘கண்டறியப்படவில்லை’ என்பார். இயந்திரத்துக்கு ஒரு கண்டறியும் எல்லை இருக்கிறது, அதற்குக் கீழே என்ன இருக்கிறதென்று எங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்பார். கடவுள் இருக்கிறாரா என்று ஒரு நாள் சாப்பாட்டு மேசையில் யாரோ அவரிடம் கேட்டுவிட்டார்கள். “இதுவரை கண்டறியப்படவில்லை. ஆனால் மாதிரி சரியாக எடுக்கப்பட்டதா என்பதில் எனக்குச் சந்தேகம் இருக்கிறது” என்று சொல்லிவிட்டுச் சூப்பைக் குடித்தார். தன் கணவர் தன்மேல் அன்பாக இருக்கிறாரா என்பதைக்கூடக் ‘இவ்வளவு கூடலாம், இவ்வளவு குறையலாம்’ என்ற கூட்டல் கழித்தலோடுதான் சொல்வார். எனக்கு அவரைப் பிடிக்கும். எரிச்சலும் வரும்.

இனி இராசன் அண்ணை. முதியோர் இல்லத்தில் சமையல்காரர், சனி ஞாயிறுகளில் எங்கள் ஆட்களின் கலியாணவீடுகளுக்குச் சமைத்துக் கொடுப்பார். அந்த வருடம் சுவிஸ் குடியுரிமைக்கு விண்ணப்பித்திருந்தார். இங்கே பாஸ்போட் கிடைக்க முதலில் ஊர்ச்சபையின் குழு கூப்பிட்டுக் கேள்வி கேட்கும். பொலிஸில் ஒரு முறைப்பாடு இருந்தாலே போதும், விண்ணப்பம் பெட்டிக்குள் போய்விடும். அந்தக் குழுவில் உர்ஸ் என்று ஒரு விவசாயி இருந்தார். அவர் தன் தோட்டத்துக் கஞ்சாவில் சிரப் காய்ச்சி, சட்டப்படி பதிந்து, சந்தையில் விற்றார். எந்த மடையனுக்கும் புரிகிற காரணத்துக்காக, இராசன் அண்ணை அவரிடமிருந்த சிரப் முழுவதையும் வாங்கினார்.

அதைத்தான் தில்லையம்பலத்தாரின் மகனுடைய கலியாணத்தில் வரவேற்புப் பானமாகக் கரைத்தார். தில்லையம்பலத்தார் சூரிச்சில் ஒரு கோயிலின் நிர்வாகத் தலைவர். அவர் சிரித்து நான் கண்டதில்லை. போத்தல்கள் மேசையில் பச்சை இலைப் படத்தோடு வெளிப்படையாகத்தான் நின்றன, ஒருவரும் வாசிக்கவில்லை. நானும் அங்கே இருந்தேன். பிழைப்பே லேபிள் வாசிப்பது, ஞாயிற்றுக்கிழமையும் வாசிப்பேனா?

சிரப் சுத்த இனிப்பு, எங்கள் சனத்துக்கு ஒத்துவராது என்று அண்ணை பெரிய கிடாரத்தில் தண்ணீர் விட்டு, புளிப்புக்குத் தேசிக்காய் பிழிந்து, உப்பும் போட்டார். நன்றாகக் கலக்கி, விருந்தினர் வரும்வரை மூடிவைத்தார். பிறகு மூடியைத் திறந்து, மேலாக ஒரு அகப்பை அள்ளி முதல் கோப்பையைப் பிள்ளையாருக்குப் படைத்தார். படைத்த பிறகு கிடாரத்தைத் துழாவுவது அவர் வழக்கமில்லை. மேலாக அள்ளி அள்ளி, மரியாதைப்படி கொடுத்துக்கொண்டு போனார். மாப்பிள்ளையும் பொம்பிளையும் விரதம் என்பதால் தப்பினார்கள்.

குடித்தது வேலை செய்ய ஒரு மணித்தியாலம் பிடித்தது. ஐயர் ஒரே மந்திரத்தைத் திரும்பத் திரும்ப, ஒவ்வொரு முறையும் புதிதாகக் கண்டுபிடித்தவர்போலச் சந்தோசமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். முன்வரிசைப் பெரியவர்கள் ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து நித்திரை. கெட்டிமேளம் கொட்டித் தாலி ஏறியபோது தில்லையம்பலத்தார் எழுந்து நின்று கை தட்டினார். “இன்னொருக்கா! இன்னொருக்கா கட்டு மோனை!” என்று கத்தினார். வீடியோக்காரன் கமராவை அவர் பக்கம் திருப்பினான். பிறகு அவர் மணவறைப் படியில் குந்தியிருந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பின்வரிசைகளில் யாருக்கும் ஒன்றும் இல்லை. எனக்கும் இல்லை.

யாரோ பயந்து அம்புலன்சைக் கூப்பிட, அதோடு பொலிஸும் வந்தது. மருத்துவர் ஆட்களைப் பார்த்துவிட்டு, நித்திரைதான், எழும்பட்டும் என்றார். இளம் பொலிஸ்காரர் ஒருவர் மூடி உடைக்காத போத்தல் ஒன்றும், கிடாரத்து அடியில் அகப்பைக்கு எட்டாமல் கிடந்த மிச்சமும் எடுத்தார். மண்டபத்தில் நிரம்பியபடி இருந்தது ஒரே ஒரு கோப்பைதான். அது யாருடையது என்று கேட்டார். பிள்ளையாருடையது என்று யாரோ சொல்லிவிட்டார்கள். அவர் அதன்மேல் ஒட்டிய சீட்டில் எழுதியது இது: ‘உரிமையாளர் ஹெர் பிள்ளையார். இன்னும் விசாரிக்கப்படவில்லை.’

தில்லையம்பலத்தார் தெளிந்தவுடன் முறைப்பாடு கொடுத்தார். மூன்று மாதிரிகளும் எங்கள் ஆய்வுகூடத்துக்கு வந்தன. நான் டொக்டர் வெபரிடம் போய், நானும் அந்தக் கலியாணத்தில் குடித்தவள், சமைத்தவரையும் தெரியும் என்றேன். “அப்படியானால் நீங்கள் சாட்சி. தொடக்கூடாது” என்று என்னை இயந்திரத்திலிருந்து தள்ளிவைத்தார்.

ஆனால் எங்கள் ஆட்களுக்கு அது எங்கே விளங்கும்? அன்று மாலையே இராசன் அண்ணை அழைத்தார்.

“சாரதா, நானொண்டும் கலக்கேல்லை, பிள்ளையாராணை. என்ர பாஸ்போட் போகப்போகுது. உந்த மெசினிலை கொஞ்சம் குறைச்சுப் போட ஏலாதோ?”

“அண்ணை, அது மரக்கறிக் கடைத் தராசில்லை.”

“உர்ஸின்ர சிரப் பிழையெண்டு வந்தாலும் நான் முடிஞ்சன். அந்தாள் குழுவிலை இருக்குது. என்ர கை பிழையெண்டு வந்தாலும் முடிஞ்சன். நான் எங்கை போறது?”

நான் தொடவே கூடாது என்று சொல்லித் தொலைபேசியை வைத்தேன். வைத்த கையோடு தில்லையம்பலத்தார் அழைத்தார்.

“பிள்ளை, நான் ஒரு கோயில் தலைவர். அந்த வீடியோ லண்டன், கனடாவெல்லாம் போட்டுது. சும்மா தேசிக்காய்த் தண்ணியைக் குடிச்சிட்டுக் கூத்தாடினவன் எண்டு சனம் கதைக்குது. நல்லாக் கூட்டிப் போடுங்கோ. எனக்கு மருந்து தந்தவை எண்டு வரவேணும்.”

ஒருவருக்குக் குறைய வேணும், மற்றவருக்குக் கூட வேணும். நடுவில் தொடக்கூடாத நான்.

முடிவுகள் வந்தபோது அதிசயமாக இருந்தது. உடைக்காத போத்தல் சட்டத்துக்குள் சுத்தமாக நின்றது. கிடாரத்து அடியில் ‘கண்டறியப்படவில்லை’. ஹெர் பிள்ளையாரின் மலையோ காகிதத்தின் உச்சியை முட்டியது. ஒரே பானம், மூன்று கதை. டொக்டர் வெபர் மூன்று காகிதங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நெடுநேரம் பார்த்தார்.

“ஃப்ராவ் சாரதா, இந்த ஹெர் பிள்ளையார் பானத்தில் தனியாக ஏதாவது சேர்ப்பவரா?”

“இல்லை, டொக்டர். அவர் கடவுள்.”

“அதை நான் குறித்துக்கொள்கிறேன். அவருக்கு ஏன் முதலில் கொடுத்தார்கள்?”

அவருக்குத்தான் எப்போதும் முதலில், பிறகு மற்றவர்களுக்கு மரியாதைப்படி என்று விளக்கினேன். அவர் கண்ணாடியைக் கழற்றினார். அதற்குள் அவருக்குப் பாதி விளங்கிவிட்டது என்று நினைக்கிறேன். புளிப்பும் உப்பும் சேர்ந்தால் அந்தத் துளிகள் பிரிந்து மேலே வந்துவிடும், மேலாக அள்ளினால் முதலில் வாங்குகிறவருக்கே எல்லாம் போகும். ஆனால் அவர் ஊகத்தைக் கையெழுத்திட்டு அனுப்புகிற ஆள் இல்லை. “கலியாணத்தைத் திரும்பச் செய்வோம்” என்றார்.

செய்தோம். கிடாரத்தைப் பொலிஸ் அனுப்பியது. உர்ஸின் சிரப் வந்தது. குற்றம் சாட்டப்பட்ட அண்ணை வரமுடியாது, ஆகவே பரிமாறுவது என் தலையில் விழுந்தது. அளக்கத்தான் கூடாது, அள்ளலாமாம். டொக்டர் வெபர் ஆய்வுகூடத்து ஆட்களையே விருந்தினராக இருத்தினார். பயிலுநன் ஒருவனை ஐயர் ஆக்கினோம். தில்லையம்பலத்தாராகத் தானே இருப்பதாகப் பிடிவாதமாகச் சொன்னார். யாரும் குடிக்கவில்லை, கோப்பையை வாங்கி அப்படியே குப்பியில் ஊற்றினார்கள்.

பிள்ளையார் இல்லாமல் வழக்கம் தொடங்காது என்று நான் வீட்டுச் சாமியறையிலிருந்து சின்னப் பித்தளைப் பிள்ளையாரைக் கொண்டுபோனேன். தர ஒழுங்குக்குப் பொறுப்பானவர் ஓடிவந்தார். பதியாத பொருள் எதுவும் ஆய்வுகூடத்துக்குள் நிற்கக்கூடாது. பிள்ளையாரைப் புரட்டிப் பார்த்து, பீடத்தின் அடியில் ஒரு இலக்கம் ஒட்டினார். அதன்கீழே, கருவிகளுக்கு ஒட்டுகிற இன்னொரு சீட்டு: ‘அளவுத் திருத்தம் தேவையில்லை.’ நான் அப்பனே மன்னித்துக்கொள் என்று மனத்துக்குள் கும்பிட்டேன்.

ஆனால் வரிசை யாருக்குத் தெரியும்? இராசன் அண்ணைக்குத்தான். பொலிஸ் விசாரணையில் அவர் ஒரு பெயர் தவறாமல் ஒப்புவித்திருந்தார். பிள்ளையாருக்குப் பிறகு தில்லையம்பலத்தார். ஐயர் ஓமத்தில் இருந்ததால் அவருக்கு அடுத்தது. பிறகு தாய்மாமன், பிறகு பெரியப்பாக்கள், இப்படியே போய், எனக்கு நடுவுக்கும் கொஞ்சம் பின்னால். சமைத்தவர் எப்போது குடித்தார் என்று பொலிஸ்காரர் கேட்டதற்கு, “குடிக்கேல்லை. முடிஞ்சுது” என்று சொல்லியிருந்தார். அந்த வரியை இரண்டு தரம் வாசித்தேன். எத்தனை கலியாணத்தில் அந்த மனுசன் கையால் வாங்கிக் குடித்திருக்கிறேன். நீங்கள் குடித்தீர்களா என்று ஒரு நாளும் கேட்டதில்லை.

இயந்திரம் ஒவ்வொரு கோப்பையாக அளந்தது. டொக்டர் வெபர் புள்ளிகளை வரிசையாக வைத்துக் கோடு இழுத்தார். பிள்ளையாரில் உச்சி, பிறகு அழகாகச் சரிந்து, பின்வரிசையில் தரையோடு தரை. அவர் கிடை அச்சில் என்ன எழுதுவது என்று யோசித்து, ‘மரியாதை’ என்று எழுதினார்.

“என் வாழ்நாளில் இவ்வளவு ஒழுங்கான வளைகோட்டை நான் கண்டதில்லை. மரியாதைக்கு அலகு என்ன?”

“அலகு இல்லை, டொக்டர்.”

“அலகு இல்லாத ஒன்றுக்காக ஆட்கள் சண்டை பிடிப்பார்களா?”

“அதுக்காகத்தான் பிடிப்பார்கள்.”

அறிக்கையில் சிரப்பிலும் பிழையில்லை, ஒருவரும் எதையும் கலக்கவுமில்லை, பானம் பிரிந்ததும் பரிமாறிய வரிசையும்தான் காரணம் என்று எழுதினார். உணவுப் பரிசோதகர் அண்ணைக்கு ஒரு எச்சரிக்கையோடு விட்டார்: இனிமேல் அள்ளமுன் கலக்கவேண்டும். ஆனால் முறைப்பாடு இன்னும் நின்றது. அது நிற்கும்வரை பாஸ்போட் நகராது.

அறிக்கையின் ஒரு பிரதி முறைப்பாட்டுக்காரருக்குப் போனது. தில்லையம்பலத்தார் அழைத்தார்.

“பிள்ளை, இந்தப் படம் எனக்கு விளங்கேல்லை. உச்சியிலை நிக்கிறது ஆர்?”

“பிள்ளையார்.”

“அடுத்தது?”

“நீங்கள்.”

தொலைபேசியில் காகிதம் புரளும் சத்தம் கேட்டது.

“ஐயர்?”

“உங்களுக்குக் கீழை.”

“தாய்மாமன்?”

“அவர் இன்னும் கீழை.”

“எழுத்திலை கிடக்குதோ? அரசாங்க முத்திரையோடை?”

அடுத்த நாளே முறைப்பாட்டைத் திரும்பப் பெற்றார். அந்தப் படத்தைச் சட்டம் போட்டு வரவேற்பறையில் மாட்டினார் என்று கேள்விப்பட்டேன். செய்தி பரவியதுதான் தாமதம், கலியாணத்துக்கு வந்த சனம் முழுக்க ஒவ்வொருவராக மயங்கத் தொடங்கியது. கடைசி வரிசையில் இருந்து மூன்று தரம் சோறு வாங்கிச் சாப்பிட்டவர், தனக்கு அன்று நிலம் எது வானம் எது என்று தெரியவில்லை என்று சத்தியம் செய்தார். தாய்மாமன் என்னைச் சந்தையில் மறித்து, தான் அன்று பாதிக்கோப்பைதான் குடித்தவர், முழுக்கக் குடித்திருந்தால் தில்லையம்பலத்தாரை மிஞ்சியிருப்பார் என்று விளக்கினார். எனக்கும் உள்ளுக்குள் ஒரு கடி இருந்தது என்பதை மறைப்பானேன். பானம் என்னை ஒன்றும் செய்யவில்லை என்பது அதுவரை எனக்குப் பெருமையாக இருந்தது.

குழுவின் நேர்முகத்துக்கு அண்ணையோடு நானும் போனேன், பின்கதிரையில் இருக்க விட்டார்கள். உர்ஸ் கையைக் கட்டிக்கொண்டு இருந்தார். குழுவின் தலைவி மலைகளின் பெயர் கேட்டார், ஏரிகளின் பெயர் கேட்டார், அண்ணை சொன்னார். பிறகு தலைவி பேனாவை வைத்துவிட்டு, கலியாணக் கதை ஊருக்கே தெரியும் என்றார்.

“நாங்கள் எல்லோரும் உங்கள் விருந்துக்கு வந்தால், இந்தக் குழுவில் முதலில் யாருக்குக் கொடுப்பீர்கள்?”

தலைவியைச் சொன்னால் உர்ஸ் முகம் கோணும், உர்ஸைச் சொன்னால் தலைவி. குழுவின் ஏழு பேரும் அவரையே பார்த்தார்கள். அண்ணை தன் அடுப்படி ஜெர்மனில் மெதுவாகச் சொன்னார்:

“நான் முதலில் கலக்குவேன். பிறகு யார் முதலில் வந்தாலும் ஒன்றுதான்.”

சம்மதம் என்று உர்ஸ்தான் முதலில் கை உயர்த்தினார்.

பாஸ்போட் கைக்கு வந்த கிழமை அண்ணை அதே மண்டபத்தில் விருந்து வைத்தார். குழுவும் வந்தது, டொக்டர் வெபரும் வந்தார், எங்கள் சனமும் வந்தது. இந்த முறை வெறும் தேசிக்காய்த் தண்ணீர்தான், ஒரு இலையும் இல்லை. அண்ணை எல்லோரும் பார்க்க அகப்பையை அடிவரை விட்டு நன்றாகக் கலக்கினார், பிள்ளையாருக்கு வைத்தார், திரும்பவும் கலக்கினார். அடுத்த கோப்பையைத் தில்லையம்பலத்தாருக்கு நீட்டினார். அவர் வாங்கவில்லை.

“கலக்கிப்போட்டீரோ?”

“ஓம் அண்ணை. எல்லாருக்கும் ஒரே அளவு.”

“எல்லாருக்கும் ஒண்டெண்டால், நான் என்னத்துக்கு வந்தனான்?”

சால்வையை உதறிப் போட்டுக்கொண்டு வாசலுக்கு நடந்தார். அவருக்குப் பின்னால் தாய்மாமனும் எழும்பினார். அண்ணை நீட்டிய கோப்பையோடு அப்படியே நின்றார். பிறகு என்னைப் பார்த்தார், கோப்பையைப் பார்த்தார், விருந்தினர் எல்லோரும் காத்திருக்க, நின்ற இடத்திலேயே அதை வாயில் வைத்துக் கடைசிச் சொட்டுவரை குடித்தார்.